பக்கத்தில் போடவா, மேலேயே போடவா?

வாஞ்சூர் சோதனைச்சாவடியில் வண்டியை மறித்து டிக்கியைத் திறக்கச் சொல்கிறவர்கள் தேடுவது பாட்டிலைத்தான். காரைக்காலிலிருந்து நாகூர்ப் பக்கம் போகிற சரக்குக்குத்தான் அத்தனை கெடுபிடி. எதிர்த்திசையில் உள்ளே வருவதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அப்படி வருகிறவற்றில் ஒன்று, பழைய பைக்குள் துண்டில் சுற்றி வைத்த லேப்டாப். பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஹார்ட் டிஸ்க் கரகரக்கும். பேட்டரி போயிருக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஆனாலும் தூக்கிப்போட மனசு வராது. நாகூரிலும் பொறையாறிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் காரைக்காலுக்கு வருகிற வேலையோடு வேலையாக இதையும் கொண்டுவந்து, கோவில்பத்தில் ஒரு சர்வீஸ் கடையின் மேசையில் வைக்கிறார்கள்.

"அண்ணே, விண்டோஸ் பத்தை நிறுத்திட்டாங்களாமே. பதினொண்ணு போட்டுக் குடுங்க."

கடைக்காரர் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் பாதி அழிந்துபோன ஸ்டிக்கரைப் பார்க்கிறார். "ஏத்தச் சொன்னா ஏத்திடலாம் தம்பி. ஓடாது."

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பத்து என்றால் பார்வதீஸ்வரர் கோயில். திருத்தெளிச்சேரி என்ற பெயரில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். உள்ளூர்க்காரர்களுக்கு அது டவுனோடு ஒட்டிய குடியிருப்பு. டைலர் கடை, ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை என்று போகிற தெருக்களில் லேப்டாப் ரிப்பேர் கடையும் ஒன்று. இங்கே ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால், உலகம் முழுக்கப் பல கோடிப் பேர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி காரைக்கால் தமிழில் காதில் விழும்: பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று போடுவதா, பழையதை அழித்துவிட்டு மேலேயே போடுவதா?

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துபோகவில்லை. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷ நீட்டிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, நம் செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரை தள்ளிப்போடலாம்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 2017-க்கு முந்தைய இயந்திரங்கள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். இந்த ஒரு நிபந்தனையால் உலகத்தில் 24 கோடிக் கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது. நிபந்தனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிற வழியும் எல்லா சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் தெரியும். பென்டிரைவ் தயாரிக்கிற ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் ஒரு டிக் அடித்தால் டிபிஎம் சோதனை காணாமல் போகும். ஆனால் 2 ஜி.பி. ரேமில் அது எழுந்து உட்காருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் "ஓடாது" என்று சொன்னது அதைத்தான்.

மிச்சமிருப்பது லினக்ஸ். அதிலும் மின்ட், உபுண்டு, டெபியன் என்று பல வகை. பழைய இயந்திரத்துக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள்; 4 ஜி.பி. ரேம் இருந்தால் தாராளமாக ஓடும், 2 ஜி.பி.யில் கொஞ்சம் மூச்சு வாங்கும். காசு கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது, கிராக் கிடையாது.

சி போனாலும் டி தப்பிக்கும்

நம் ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடம் உண்டு. கல்யாண போட்டோ, பிள்ளையின் சர்டிஃபிகேட் ஸ்கேன், பத்திர நகல் எதையும் சி டிரைவில் வைக்காதே, டி டிரைவில் வை. என்றைக்காவது ஃபார்மட் அடிக்கும்போது சி போனாலும் டி தப்பிக்கும். இருபது வருஷமாகச் சர்வீஸ் கடைகள் கற்றுக்கொடுத்த பாடம் இது. விண்டோஸுக்கு மேல் விண்டோஸ் போடும்வரை சரியான பாடமும்கூட.

லினக்ஸ் போடும்போது அந்தப் பாடமே குழியில் தள்ளும். இன்ஸ்டாலரில் ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா என்று ஒரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று அடுத்த வரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்றாவது வரி. இரண்டாவதில் 'டிஸ்க்' என்பது முழு டிஸ்க். சி, டி, கம்பெனிக்காரன் ஒளித்துவைத்த ரெக்கவரி பகுதி எல்லாம் சேர்த்து. "டியிலதானே வச்சிருந்தேன்" என்று பிறகு அழுது பயனில்லை. காரைக்காலோ சென்னையோ, லினக்ஸால் தரவு போச்சு என்று கேள்விப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு திரையில் நடந்தவையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பக்கத்தில் போடுவது பயமில்லாத வழி மாதிரி தெரியும். அதில் வேறு மாதிரிச் சிக்கல்கள். முதலில் விண்டோஸ் கையில் இருக்கும் இடத்தைச் சுருக்கி, லினக்ஸுக்கு ஒரு பகுதி ஒதுக்கவேண்டும். சி டிரைவில் 150 ஜி.பி. காலியாக இருக்கும், சுருக்கச் சொன்னால் கொஞ்சூண்டுதான் தருவேன் என்று அடம்பிடிக்கும். விண்டோஸ் தன் பேஜ் ஃபைலையும் ஹைபர்னேஷன் ஃபைலையும் டிஸ்க்கின் நடுவில் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நகர்த்த முடியாது. அதை மீறி வந்தால் இன்னொரு சுவர். 2012, 2013 காலத்து லேப்டாப்கள் பலவற்றில் பழைய எம்பிஆர் முறையில்தான் டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது. சிஸ்டம், ரெக்கவரி, சி, டி என்று நான்கும் ஏற்கெனவே நிறைந்திருந்தால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் லினக்ஸுக்கு உட்கார இடமில்லை. டியில் இருப்பதை வெளியே நகலெடுத்து அதைக் கலைத்தால்தான் வழி பிறக்கும்.

வரிசையும் முக்கியம். விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. மாற்றிப் போட்டால் பழைய இயந்திரங்களில் விண்டோஸ் பூட் பகுதியைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் டிஸ்க்கில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். லினக்ஸ் கடைசியில் வந்தால் க்ரப் என்ற மெனுவைக் கொண்டுவரும். கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரிசையாக நிற்கும், எது வேண்டுமோ அம்புக்குறியால் நகர்த்தி என்டர் தட்டவேண்டியதுதான்.

புதிய லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பூட் வரிசையில் கை வைத்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு துபாயில் இருக்கும் மச்சானுக்குத்தான் தெரியும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிட வேண்டும். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை, அரைத் தூக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் படிக்கத்தான் விடும், எழுத விடாது.

எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனவர் மறுநாள் திரும்பி வருவார். "அண்ணே, கடிகாரம் கெட்டுப்போச்சு." கெடவில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. லினக்ஸ் நேரத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் போனால், அடுத்து எழுந்திருக்கும் விண்டோஸ் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். சாயங்காலம் ஆறு மணி என்றால் பன்னிரண்டரை. நேரம் தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட்கூடத் திறக்க மறுக்கும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. காரணம் தெரியாதவர்கள் சிமாஸ் பேட்டரியை மாற்றிக் காசு வாங்கிவிடுவதும் உண்டு.

இதையெல்லாம் சரிசெய்து வைத்தாலும் இரண்டும் ஒற்றுமையாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட், இரண்டு ஓ.எஸ். வைத்திருக்கும் இயந்திரங்களைத் தொடாது என்று சொல்லப்பட்டது. தொட்டது. செக்யூர் பூட் இயங்கிய பல இயந்திரங்களில் அடுத்த நாள் லினக்ஸ் எழவில்லை. ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்கிற ரீதியில் ஒரு செய்தியோடு அணைந்துபோனது. அதற்கான முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதத்தில்.

டார்வால்ட்ஸ் அழித்த டிஸ்க்

லினக்ஸை எழுதிய லினஸ் டார்வால்ட்ஸே இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன விதம் வேடிக்கையானது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தன் 386 கம்ப்யூட்டரில் மினிக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸை வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தபடியே தன்னுடையதை எழுதிக்கொண்டிருந்தார். அன்றாடப் பிழைப்புக்கு மினிக்ஸ், பரிசோதனைக்கு லினக்ஸ். ஒருநாள் மோடத்துக்குப் போகவேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பகுதி சிதைந்துபோனது. மறுபடியும் மினிக்ஸை ஏற்றியிருக்கலாம். போதும் என்று லினக்ஸிலேயே தங்கிவிட்டார். தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கும் சம்பவம் இது. பக்கத்தில் இருந்தது மேலே வந்தது, பழையது போனபிறகுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இலவச லேப்டாப் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக்கொடுத்த அந்த லேப்டாப்களில் பல மாடல்கள், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் போடப்பட்டு வந்தவை. பாஸ் என்பது டெபியனை அடித்தளமாக வைத்து சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. அதாவது, 'டூயல் பூட்' என்ற சொல்லைக் கேட்டிராத லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கு டூயல் பூட் இயந்திரம் போய்ச் சேர்ந்தது. உலகத்திலேயே இவ்வளவு பெரிய அளவில் இந்தப் பரிசோதனை நடந்த இடங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

என்ன ஆயிற்று? மெனு வரும், பிள்ளை விண்டோஸை அமுக்கும். பாஸ் என்றால் என்னவென்று சொல்ல வகுப்பில் ஆளில்லை. முதல் தடவை சர்வீஸ் கடைக்குப் போனதும், "இது எதுக்குத் தம்பி இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று கடைக்காரர் பாஸ் பகுதியை அழித்து டி டிரைவைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார். பையனும் சந்தோஷமாகப் படம் இறக்கிக்கொள்வான். 2018-ல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் விண்டோஸோடு லினக்ஸும் பாடமாக வந்தது. ஆனால் புத்தகத்தில் இருந்தது உபுண்டு, லேப்டாப்பில் இருந்தது பாஸ். இரண்டும் டெபியன் குடும்பம்தான் என்பது ஆசிரியருக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அரசுக்குள்ளும் முயற்சி இல்லாமலில்லை. திருவாரூர் கலெக்டராக இருந்தபோது மின்னாளுமையில் பெயரெடுத்த சி.உமாசங்கர், எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக வந்ததும் அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அவர் செய்தது பக்கத்தில் போடுவதல்ல, மேலேயே போடுவது. அவர் மாறுதலாகிப் போனபின் அந்த வேகம் இல்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு எழுதியது. நம் தாலுகா ஆபீஸ்களுக்குப் போய்வருகிறவர்கள் எத்தனை மேசையில் பாஸைப் பார்த்திருப்பார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

கேரளம் வேறு வழியில் போனது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் விண்டோஸும் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, லினக்ஸை மட்டும் வைத்தார்கள். பாடப்புத்தகம் அதில், ஆசிரியர் பயிற்சி அதில், பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதில். இப்போது கைட் என்ற பெயரில் இயங்கும் அதே அமைப்பு, பள்ளிகளுக்கென்று தன் சொந்த லினக்ஸ் பதிப்பையும் வெளியிட்டு வருகிறது. மெனுவில் இரண்டு பெயர் இல்லாததால் அங்கே பிள்ளைக்குக் குழப்பமே இல்லை. நம் பக்கம் டிஸ்க்கில் இடம் ஒதுக்கினோம். பாடத்திலும் தேர்விலும் ஒதுக்கவில்லை. 2025-26 பட்ஜெட்டில் அறிவித்து, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென்று தமிழ்நாடு கொடுக்கத் தொடங்கியிருக்கும் புதிய லேப்டாப்களிலும் விண்டோஸ் 11-ஓடு பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அதுவும் டி டிரைவுக்கு இரையாகாமல் இருக்கவேண்டுமென்றால் கல்லூரி லேபில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அதைத் திறக்கவைக்க வேண்டும்.

ஏசெர்ட்டி கீபோர்டு

காரைக்காலுக்கு இரண்டு ஏற்பாடுகள் ஒரே இடத்தில் குடியிருப்பது புதிதல்ல. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். இடைப்பட்ட எட்டு வருஷம் ஊர் டூயல் பூட்டில்தான் ஓடியது என்று சொன்னால் தப்பில்லை. தங்கள் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் ஒரு மூலையில் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தொடர்பு சர்வீஸ் கடை மேசைக்கும் வருகிறது, பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் லேப்டாப்பாக. அதில் இருப்பது ஏசெர்ட்டி கீபோர்டு. நம் கீபோர்டில் 'க்யூ' இருக்கும் இடத்தில் அதில் 'ஏ'. 'டபிள்யூ' இடத்தில் 'இசட்'. எண்ணைத் தட்டவேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்தவேண்டும். லினக்ஸ் இன்ஸ்டாலர் ஆரம்பத்திலேயே கீபோர்டு எது என்று கேட்கும். அவசரத்தில் ஆங்கிலத்துக்கே 'சரி' கொடுத்துப் போனால் பாஸ்வேர்டு வைக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். 'ஏ' என்று எழுதியிருக்கும் விசையைத் தட்டுவோம், உள்ளே 'க்யூ' என்று பதிவாகும். கட்டத்தில் தெரிவது வெறும் புள்ளிதான். பிற்பாடு கீபோர்டை பிரெஞ்சுக்குத் திருத்தியதும், நேற்று வைத்த பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லும். விவரம் தெரிந்த கடைக்காரர்கள் அந்தத் திரையிலேயே கீழே இருக்கும் காலிக் கட்டத்தில் எல்லா விசையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்கள்.

இந்த பிரெஞ்சு லேப்டாப்கள் பல நல்ல இயந்திரங்கள், 8 ஜி.பி. ரேம் இருக்கும், பிராசஸர் மட்டும் ஒரு தலைமுறை பழசாகி விண்டோஸ் 11 மறுத்திருக்கும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டி மின்ட் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஆக, யாருக்கு எது? கடை வைத்திருப்பவர்கள் அவசரப்படக் கூடாது. டேலி விண்டோஸில்தான் ஓடும், ஜி.எஸ்.டி. கணக்கு அதில்தான் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்கு கோரல்டிரா இல்லாமல் பிழைப்பில்லை. பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம், அதில் பிரச்சினை இல்லை, பிரச்சினை பிரிண்டரில். ஜெராக்ஸ் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கிற கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் பேசவைப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். கேனானே ஒரு டிரைவர் கொடுத்திருக்கிறது. அதை ஓடவைப்பது தனிக் கலை. இவர்கள் எல்லாம் பக்கத்தில் போட்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது கடை கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்த இயந்திரம் வாங்கும்போது யோசிக்கலாம்.

வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்புக்கு என் அபிப்பிராயம் வேறு. முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கவேண்டும். இன்ஸ்டால் செய்யாமலேயே வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். டியில் இருப்பதையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு, அதன்பின் துணிந்து முழுசாக அழித்துப் போட்டுவிடுவதுதான் நல்லது. பக்கத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை லட்சக்கணக்கான லேப்டாப்கள் காட்டிவிட்டன. சந்தேகம் வந்தால் கேட்கத் தமிழில் ஆளிருக்கிறது. த.சீனிவாசன் முதலானோர் 2012 முதல் நடத்திவரும் கணியம் இதழ், து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் GNU/Linux' என்ற இலவச மின்னூல், விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள். காரைக்காலில் திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலும் நெடுங்காடு காமராஜர் பொறியியல் கல்லூரியிலும் லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் கோவில்பத்துப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து உட்காரவைத்தால் போதும்.

காரைக்காலும் அடங்கிய புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டுவிட்டு சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் வரும் கேள்வி ஒன்றும் கடையில் அடிக்கடி கேட்கிறது. பதினோராம் வகுப்பில் மகளைச் சேர்த்திருக்கும் அம்மா கேட்கிறார்: "லினக்ஸ் போட்டுட்டா பைத்தான் படிக்க முடியாதாமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

கடைக்காரர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, டெர்மினலைத் திறந்து ஒரே சொல்லைத் தட்டிக் காட்டுகிறார். "உள்ளயே இருக்குக்கா. விண்டோஸ்லதான் தனியா இறக்கணும். பள்ளிக்கூடத்துல ஐடில்னு ஒண்ணு வச்சுச் சொல்லித்தருவாங்க, அதையும் மைஎஸ்கியூஎல்லையும் போட்டுத் தர்றேன். சாயங்காலமா வந்து வாங்கிக்குங்க. பழைய போட்டோ இருக்குற பென்டிரைவையும் மறக்காம எடுத்துட்டு வாங்க."